தயிரில் ஒரு சிட்டிகை தாமிரம்

ஒன்றரைக்குத்தான் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது மணி ஒன்று ஐந்து. பத்து மணிக்குப் போட்டது, மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, இப்போதே மூடியைத் தூக்கினாலும் யாரும் கேட்கப் போவதில்லை, லேபில் என்னைத் தவிர ஆளில்லை, எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றரை என்றால் ஒன்றரை. சோதனை என்றால் நேரம் முன்னாலேயே குறித்திருக்க வேண்டும், இடையில் இஷ்டத்துக்கு எட்டிப் பார்ப்பது சமையல்காரன் வேலை. சோதனையாம். கண்ணாடிக் கிண்ணம், மேலே கண்ணாடி மூடி, அதற்கு மேலே ஒரு வடிதாள், யாராவது வந்தால் ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. உள்ளே இருப்பது என் கேரியரில் வந்த தயிர். எம்.எஸ்சி. வேதியியல், இருபத்தாறு வருஷ அனுபவம், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவன், குழந்தைவேலு என்று கதவில் பித்தளைப் பலகை, அவன் மத்தியானச் சாப்பாட்டுத் தயிரில் ஒரு சிட்டிகை தாமிர பஸ்மத்தைத் தூவிவிட்டு அது பச்சையாகுமா ஆகாதா என்று உட்கார்ந்திருக்கிறான். சாயப்பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன் எவனாவது இதைப் பார்த்தால் சிரித்தே செத்துவிடுவான். சாதத்தை வெறுமனே தின்ன முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாளாக வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற என் மனைவி கலாமணி காலையில் எழுந்து கட்டிக் கொடுத்த சாதம் அது.

பஸ்மம் என்றால் சாம்பல். அதைச் சாம்பல் என்று சொன்னால் யார் வாங்குவார்கள், அதனால் பஸ்மம். செய்கிற விதத்தை முதன்முதலாக எனக்கு விளக்கியபோது நான் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன், சிரித்துவிடக் கூடாதே என்று. செம்பைத் தகடாக மெலிதாக அடிப்பார்கள். சிவக்கச் சிவக்கக் காய்ச்சி நல்லெண்ணெயில் முக்குவார்கள், ஏழு தரம். அப்புறம் மோரில் ஏழு தரம். கோமியத்தில் ஏழு. புளித்த கஞ்சியில் ஏழு. கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ஏழு. முப்பத்தைந்து முழுக்கு. ராமேஸ்வரத்துக்குப் போனால்கூட இருபத்திரண்டு தீர்த்தத்தோடு விட்டுவிடுகிறார்கள். இதற்குச் சுத்தி என்று பெயர், செம்பின் பாவமெல்லாம் போய்விட்டதாம். பிறகு பாதரசமும் கந்தகமும் சேர்த்து மையாக அரைத்ததை இதோடு கூட்டி, எலுமிச்சம் சாறு விட்டு நாள்கணக்கில் அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, இரண்டு மண் அகலுக்கு நடுவில் வைத்து, மண் பூசிய துணியால் சுற்றி, நெருப்பில் வைப்பது. அது புடம். ஆறியதும் உடைத்து, அரைத்து, மறுபடி புடம். எருமுட்டை அடுக்கி எரிப்பதெல்லாம் கம்பெனி காலண்டர் படத்தில்தான், இங்கே நடப்பது கரண்ட் அடுப்பு. எத்தனை புடம் என்று கேட்டால், செம்பு சாகிற வரைக்கும் என்பார்கள். சாகிற வரைக்கும். உலோகத்துக்குச் சாவு. செத்ததா என்று பார்க்கத் தண்ணீரில் தூவுவார்கள், மிதக்க வேண்டும், மிதக்கிற பொடிமேல் ஒரு அரிசியை வைத்தால் அதுவும் மிதக்க வேண்டும். விரலில் தேய்த்தால் ரேகைக்குள் போய் உட்கார வேண்டும். சாயப்பட்டறையில் என் ரேகைக்குள் போய் உட்காராத சாயமே கிடையாது, அதையெல்லாம் மருந்தென்று விற்றிருக்கலாம். நாக்கில் வைத்தால் ருசியே இருக்கக் கூடாது. கடைசியாக இந்தத் தயிர். தயிர் பச்சையானால் செம்பு இன்னும் சாகவில்லை, உயிர் கிடக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டு ஒன்பது வருஷமாக இங்கே சம்பளம் வாங்குகிறேன். பட்டறையை மூடினபோது வேறு எவனும் கூப்பிடவில்லை, கிணத்துக்கடவு தாண்டி ஒரு நாட்டு மருந்துக் கம்பெனி கூப்பிட்டது, வந்துவிட்டேன். மச்சினன் கேட்டான், அங்கே போயி சூரணம் இடிக்கிறீங்களா மாமா என்று. அன்றைக்கு இரவு முழுக்கத் தூங்கவில்லை.

ஒன்று பன்னிரண்டு. இந்தத் தயிர் விவகாரத்தைக் கொண்டுவந்தது கோகிலவாணி. டாக்டர் கோகிலவாணி. பி.ஏ.எம்.எஸ்., எம்.டி., எழுத்துகளுக்குக் குறைச்சலில்லை, வயது முப்பதுகூட ஆகியிருக்காது, உற்பத்திப் பிரிவுக்குத் தலைவி என்று ஐந்து மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முன்னால் இருந்த வைத்தியர் நல்ல மனுஷன், நான் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவார், காப்பி குடிப்பார், போவார். இந்தப் பெண் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறாள். உலைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். வில்லையை உடைத்து நடுவில் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாள். போன மாதம் பதினான்காம் நம்பர் பேட்ச், திங்கட்கிழமை மீட்டிங், மானேஜர், ஸ்டோர்ஸ், பேக்கிங் எல்லாரும் இருக்கிறார்கள், கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வருகிறாள். "சார், ஒரு நிமிஷம் பாருங்க. லேசா பச்சை ஓடுதுங்க. இன்னும் ரெண்டு புடம் கேக்குதுங்க சார்." நான் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். "கேக்குதா? செம்பு உங்ககிட்டப் பேசுச்சுங்களா மேடம்?" முதலில் சிரித்தது பேக்கிங்காரன். அப்புறம் மானேஜர். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு வந்தது. "இது லேபுங்க, தயிர்க்கடை இல்லீங்க. என்ன கரண்டில எடுத்தீங்களோ, பித்தளைக் கரண்டியா இருக்கும், தயிர் பச்சையாத்தான் போகும். நம்மகிட்ட மெஷின் இருக்குது, அது சொல்லட்டும்." அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மூலையிலிருந்த தொட்டியில் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள், ஒரு சின்னக் கிண்ணத்தைக் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை. முதுகைத்தான் பார்த்தேன். அழுகிறாளோ என்று நினைத்தேன், நினைத்தபோது நன்றாகத்தான் இருந்தது.

பித்தளைக் கரண்டி. அதை நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. கையில் கிண்ணம்தான் இருந்தது. கரண்டி இருந்ததாக நான்தான் சொன்னேன், சொன்னதும் எல்லாருக்கும் கரண்டி தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது, அன்றிலிருந்து நினைத்துப் பார்க்கிறபோதெல்லாம் அவள் கையில் ஒரு பித்தளைக் கரண்டி இருக்கிறது. மெஷின் சொன்னது சரி. மெஷினில் தப்பே இல்லை. நாலு இலக்கம் வரைக்கும் செம்பைச் சொல்லும், பதினான்காம் பேட்சில் செம்பு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது, காரீயம் வரம்புக்குள், ஆர்சனிக் வரம்புக்குள். பாஸ் போட்டேன். அவள் பேட்ச் தாளில் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்கிற எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்: தயிரில் பச்சை, மேலும் புடம் தேவை. நான் அவளைக் கூப்பிட்டனுப்பி, இந்த மாதிரிக் குறிப்பெல்லாம் எழுத இதில் இடமில்லை மேடம், நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் தயிரைக் காட்டுவீர்களா என்றேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் டைப் அடிக்கச் சொன்னேன். புதிய தாளில் கையெழுத்துப் போட்டாள். வந்து நாலு மாதம்தானே, போடாமல் என்ன செய்வாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, கோவில்பாளையம் வருவதற்கு முன்னால், யாரும் கேட்காமலே, எனக்கே அது தோன்றியது. மெஷினில் வைக்கும் முன்னால் பொடியை நான் நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறேன். தெளிகிற வரைக்கும் கரைக்கிறேன். அமிலத்தில் போட்டால் செத்த செம்பு, சாகாத செம்பு, அரைகுறையாகச் செத்த செம்பு, எல்லாம் ஒன்றாகிவிடும். செம்பு எவ்வளவு என்றுதான் மெஷின் சொல்லும், எப்படி இருக்கிறது என்று சொல்லாது. கந்தகத்தோடு இறுகிப் பிணைந்த செம்பைத் தயிரின் புளிப்பு அசைக்காது. பிணையாமல் கிடக்கிற செம்பு அந்தப் புளிப்பில் கரையும், பச்சை விடும். வயிற்றில் இருப்பதும் அமிலம்தான். பத்தாம் வகுப்புப் பாடம். அவள் தயிரில் செய்தது சுத்தமான வேதியியல் சோதனை, பெயர்தான் நாட்டுப்புறப் பெயர். எனக்குத் தெரியாமல் போகவில்லை, அதுதான் விஷயம். பஸ் கோவில்பாளையத்தில் நின்றபோது எனக்குத் தெரிந்திருந்தது, புறப்பட்டபோது நான் மறுபடி அந்தப் பித்தளைக் கரண்டியை எடுத்துக்கொண்டேன். மறுநாள் பேட்ச் வெளியே போயிற்று.

ஒன்று இருபது. இன்னும் பத்து நிமிஷம். வெளியே பேக்கிங் பெண்கள் கை கழுவுகிற சத்தம் கேட்கிறது, எவளோ எவளையோ மாமியார் விஷயமாகக் கிண்டல் செய்கிறாள். காலையில் செரிமான மாத்திரை தேடித்தான் அடுக்களை அலமாரியைத் திறந்தேன். கொள்ளு டப்பாவுக்குப் பின்னால் கை போனது. சின்ன பாட்டில், எங்கள் லேபிள், பதினான்காம் நம்பர் பேட்ச். நம் வீட்டில். நான் எங்கே போனாலும் இந்தச் சாம்பலைப் பற்றிச் சிரிக்கிறவன், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு எந்த வைத்தியன் என்ன உளறினான் என்று தினமும் சொல்லிச் சிரிக்கிறவன், அவன் அடுக்களையில் கொள்ளு டப்பாவுக்குப் பின்னால் பஸ்மம். கலாமணிக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தபோது நடக்கச் சொன்னேன், எண்ணெயைக் குறைக்கச் சொன்னேன். நாத்தனாரோடு பொள்ளாச்சியில் எந்த வைத்தியரிடமோ போயிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. முட்டாள் பொம்பளை என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் லேபிளில் நம்பரை மறுபடி படித்தேன். முந்தாநாள் அவள் சொன்னதை அப்போதுதான் கேட்டேன், முந்தாநாள் சொன்னபோது கேட்கவில்லை. "வாயெல்லாம் செம்புக் காசை நக்குனாப்பல இருக்குதுங்க. தண்ணி குடிச்சாலும் அப்படியேதான் இருக்குது." கல்யாண வீட்டில் வடையை அள்ளிப் போட்டுக்கொண்டால் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். தலை சுற்றுகிறது என்றாள், வெயில் என்றேன். நேற்றுப் பச்சையும் மஞ்சளுமாக வாந்தி எடுத்தாள், பித்தம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது என்னிடம். காசை நக்கியவர்களுக்குத்தான் அந்த ருசி தெரியும். எனக்குத் தெரியும், சின்ன வயதில் பழைய காலணா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு திரிவேன், நாக்கின் ஓரத்தில் இழுக்கும், எச்சில் ஊறும், துப்பினாலும் போகாது. நல்ல பஸ்மத்துக்கு ருசி இருக்கக் கூடாது.

பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சாதம் கட்டிவிட்டு மறுபடி படுத்திருந்தாள், சுவர்ப் பக்கம் திரும்பி. இதைத் தின்னாதே என்று சொல்ல ஒரு வினாடி ஆகாது. ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? உன் புருஷன் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து நாலு பேர் சிரிக்கும்படி பண்ணி அனுப்பினான், அதனால் இதைத் தின்னாதே என்றா? அதனால் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். பாட்டில் இல்லாவிட்டால் தின்ன முடியாது, விஷயம் முடிந்தது, பேச்சே வேண்டாம் என்று எனக்கு அப்போது ரொம்ப புத்திசாலித்தனமாகத் தோன்றியது. இந்தத் தயிர் பச்சையாகாவிட்டால் என்னென்ன செய்வேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். தயிரை ஊற்றிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவுவேன். சாயங்காலம் போய் பாட்டிலை மேஜைமேல் வைத்து, எனக்குத் தெரியாமல் வைத்தியம் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டாயா என்று ஒரு சத்தம் போடுவேன். கோகிலவாணியைப் பார்த்துக் காலை வணக்கம் மேடம் என்பேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக. கலாமணிக்கு வடையால் வந்த வாந்தி, நாளைக்குச் சரியாகிவிடும். வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பிளிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதவன்தான் அனலிஸ்ட் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் பாடம் நடத்தியிருக்கிறேன். இன்றைக்கு நான் எதிர்பார்க்கிறேன். பயமாகவும் இருக்கிறது, அதை எழுத எந்தத் தாளிலும் இடமில்லை. பயப்படுகிறவனை எனக்குப் பிடிக்காது, ஆஸ்பத்திரி வராந்தாவில் மஞ்சள் துணியில் காசு முடிகிற ஆளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், இப்போது இங்கே யாராவது மஞ்சள் துணி கொடுத்தால் நானும் ஒரு காசை முடிந்துவிடுவேன்.

ஒன்று இருபத்தெட்டு. போதும். வடிதாளை எடுத்தேன். கண்ணாடி மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தது. ஓரத்தில் தயிர் வெள்ளையாகத்தான் இருக்கிறது, பார், வெள்ளைதான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கறுப்புப் பொடி நடுவில் ஒரு திட்டாகக் கிடந்தது. திட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தயிர் வெள்ளரிப் பிஞ்சின் தோல் நிறத்தில் இருந்தது. ட்யூப் லைட்டின் நிறம் என்று ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். ஜன்னலில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. கண்ணாடிக் கிண்ணம், கண்ணாடிக் கம்பி, பிளாஸ்டிக் கேரியர் டப்பா. பித்தளை இந்த அறையிலேயே கதவில் என் பெயர்ப் பலகையில் மட்டும்தான் இருக்கிறது. தயிர் எந்தத் தயிர், எவ்வளவு புளிப்பு, அளவு சரியா, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பஸ்மம் போட்ட இன்னொரு கிண்ணம் எங்கே என்று மனது வரிசையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது, இருபத்தாறு வருஷமாகப் பழகின மனது, சும்மா இருக்குமா. கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கோகிலவாணி தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள், அந்த மரியாதை எனக்கு எப்போதும் பிடிக்கும். கிண்ணத்தை மேஜைமேல் அவள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தாள். சிரிப்பாள், அல்லது அன்றைக்கே சொன்னேனே என்பாள் என்று வருகிற வழியெல்லாம் அதற்குப் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"பதினாலுங்களா சார்?"

"ஆமா."

"சார், இது யாரு சாப்பிட்டது?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது? இந்த ஆள் சும்மா தயிரைத் தொட மாட்டான் என்று தெரிந்திருக்கும், அவ்வளவுதான். "வீட்ல," என்றேன். "வாந்தி. தலை சுத்துது. வாயில செம்புக் காசு மாதிரி இருக்குதாம்."

அவள் சாப்பாட்டை மூடினாள். "எத்தனை நாளா சாப்பிடறாங்க? எவ்வளவு, எதுல குழைச்சு? மோசன் எப்படிப் போகுது? சிறுநீர் நிறம் மாறியிருக்குதுங்களா?"

ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. பதினான்காம் பேட்சின் ஈரப்பதம் தெரியும், சாம்பல் அளவு தெரியும், நாலு இலக்கத்தில் செம்பு தெரியும். போனை எடுத்துக் கலாமணியைக் கூப்பிட்டேன். ஐந்தாறு மணி அடித்து எடுத்தாள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கலா, அந்த பாட்டில். எத்தனை நாளாத் திங்கற?"

"நீங்கதான் எடுத்தீங்களா? நானும் காலைல இருந்து தேடறேனுங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "திட்டாதீங்க. இருபது நாளாச்சுங்க. நீங்க வைத்தியனைத் திட்டுவீங்க, தெரியும். ஆனா உங்க லேபைத் தாண்டி நீங்க பாக்காம ஒரு பொட்டலம் வெளிய போகாதுன்னு நீங்கதானுங்களே சொல்லுவீங்க. அந்தத் தைரியத்துலதான் சாப்பிட்டேன். பாட்டிலைக் காணோமின்னு இப்பத்தான் வேற பாட்டிலை உடைச்சேன், ரெண்டா வாங்கி வெச்சிருந்தனுங்க. நேத்து தின்னதெல்லாம் வாந்தில போயிருக்குமேன்னு இன்னைக்கு ரெண்டு பங்காத் தேன்ல குழைச்சுச் சாப்பிட்டேன். அப்பப் புடிச்சு வயித்தைப் புரட்டிட்டே இருக்குதுங்க."

எதிரில் கோகிலவாணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் கலாமணி கேட்டாள், "ஏனுங்க, மருந்துல ஏதாச்சுங்களா?"

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாலே வார்த்தை. அதில் முதல் வார்த்தை நான். வாயைத் திறந்தேன்.

"மெஷின் தப்பாக் காட்டிருச்சு கலா," என்றேன்.

கோகிலவாணி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க," என்றாள் கலாமணி. "மெஷின் சொன்னா நம்பித்தானுங்களே ஆகோணும். நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. சாப்பிட்டீங்களா?" அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அவள் போன் எங்கேயோ விழுந்தது, அவள் ஓக்காளிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. கோகிலவாணி எழுந்து, கார் சாவியை எடுத்துக்கொண்டு, போனுக்காக என்னிடம் கையை நீட்டினாள்.